எண்ணெய்த் துளியும் ஒளியிழந்த பேராசிரியரும்

பெல்சிய நாட்டிலே கெண்ட் என்னும் பழைய நகரம் ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்நகரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பௌதிகவியற் பேராசிரியர் ஒருவர், கண்ணாடிப் பாத்திரத்தின் பக்கலில் இருந்துகொண்டு, அதனை நோக்கி நிற்கும் இளைஞரிடம் ஓயாது வினாக்களைத் தொடுப்பார். துளி உருண்டிருக்கிறதோ நீண்டிருக்கிறதோ, இடை ஒடுங்கியது மேற்புறத்திலோ கீழ்ப்புறத்திலோ, அறுந்தபோது இரு துண்டங்களுக்கும் நடுவே யாதேனும் எஞ்சியதோ என்றெல்லாம் கேட்பார். விடை தெளிவாயில்லையாயின், பரிசோதனையை மீளச் செய்விப்பார். பாத்திரமோ, அதனுள் மிதக்கும் எண்ணெயோ, விடை கூறும் இளைஞரின் முகமோ அவருக்குத் தெரியாது. அவர் இரு கண்ணும் இழந்தவர்.

யோசப் பிளாற்றோ என்பது அவர் பெயர். கிரேக்க ஞானியாகிய பிளேற்றோவுடன் இவரை மயங்குவார் சிலர் உளர். பெயரொலியன்றி இருவர்க்கும் வேறு தொடர்பு இல்லை. தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பித்துக் காலங்கழிக்கும் யான் பௌதிகவியலார் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுந்தது எற்றுக்கு என்று வாசகர் வினவலாம். ஒன்றோடொன்று கலவாத திரவங்களில் ஒரு திரவத்தின் துளி எவ்வாறு உடைகின்றது, உடைந்தவை எவ்வாறு மீண்டும் கூடுகின்றன என்பதை உலகுக்கு முதன்முதல் ஒழுங்குபட விளக்கியவர் இவர். அவ்விளக்கத்தின் பெரும்பகுதியை இவர் பிறர் வாய்ச்சொற் கேட்டே கண்டார். நாற்பதாண்டுக் காலம் சொல்லே இவருக்குக் கண்ணாயிருந்தது. சொல்லையே தொழிலாகக் கொண்ட எம்மனோர்க்கு இச்சரிதத்தில் உரிமை இல்லை என்று எவரும் சொல்லார்.

பிளாற்றோ 1801ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆந் திகதி பிரசல்ஸ் நகரிற் பிறந்தார். தந்தையார் மலர்களை வரைவதில் வல்ல ஓவியர். மகனும் தூரிகை பிடிக்க வேண்டும் என்ற ஆசையினால் அவனைச் சித்திரக் கல்விச்சாலைக்கு அனுப்பினார். தாயும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தனர். பதினான்கு வயதளவில் அநாதையாகிய சிறுவனையும் அவனுடைய சகோதரிகளையும் நியாயவாதியாகிய தாய்மாமன் ஏற்று வளர்த்தார். மருகன் தம்மைப்போற் சட்டம் பயில வேண்டும் என்பது மாமனின் எண்ணம். மருகனோ லீஜ் பல்கலைக்கழகத்திற் கலைத்துறைக் கல்வியோடு கணிதத்தையும் பௌதிகத்தையும் உடன் கற்று, ஈற்றில் விஞ்ஞானத்தின் பக்கமே சாய்ந்தார். பிரசல்ஸ் நகரில் அவருக்குக் கணிதம் புகட்டிய அடொல்ப் கெற்றலே என்பார், பிற்காலத்திற் புள்ளிவிபரவியலில் உலகப் புகழ் எய்தியவர். அவ்வாசிரியரின் ஊக்கமே இம்மாணவரை ஆராய்ச்சித் துறைக்கு ஈர்த்தது.

1829இல் அவர் கலாநிதிப் பட்டத்துக்கென அளித்த கட்டுரை மிகச் சிறியது. ஒளியானது கண்ணிற் பதிக்கும் தோற்றம் எவ்வளவு நேரம் நிலைத்திருக்கும், நிறத்துக்கு நிறம் அது எவ்வாறு வேறுபடும் என்பனவே அதன் பொருள். சுழலும் கொள்ளிக்கட்டை வட்டமாய்த் தோன்றுவதை நாம் எல்லாம் கண்டிருக்கிறோம். அதனை உவமையாக எடுத்தாண்டு மாயையை விளக்கும் மரபு நம் நாட்டுத் தத்துவ நூல்களிலே பழையது. பிளாற்றோ அதே காட்சியை அளவுகோல் கொண்டு அளக்கத் துணிந்தார்.

அத்துணிவு ஒருமுறை எல்லை கடந்தது. அதே 1829இல் நடுப்பகற் சூரியனை இருபத்தைந்து விநாடி இமையாது நோக்கினார். சில நாட்கள் பார்வை மங்கியிருந்து பின்னர் மீண்டது. இவர் பிற்காலத்திற் குருடராயினமைக்கு இச்செயலே காரணம் என்று பல நூல்கள் கூறுகின்றன. விஞ்ஞானத்துக்குக் கண்ணைப் பலி கொடுத்தவர் என்று அவரைப் போற்றுதற்கு அக்கதை வாய்ப்பாகவும் இருக்கின்றது. ஆயின், சூரியனை நோக்கியதற்கும் பார்வை முற்றாக ஒழிந்ததற்கும் இடையிலே பதினான்கு ஆண்டுகள் உள. 1841இல் அவருக்குக் கடுமையான கண்ணழற்சி உண்டாயிற்று. 1843இல் ஒளி முழுதும் அவிந்தது. நோயின் போக்கை ஆராய்ந்த பிற்கால மருத்துவர்கள், இது கண்ணின் நடுப்படையைப் பற்றிய நாட்பட்ட அழற்சியே என்றும், சூரிய ஒளியால் விழித்திரையில் நேரும் ஊறு இவ்வாறு முடிவதில்லை என்றும் கருதுகின்றனர். பெரியார் சரிதங்களிற் கதை கலத்தல் எந்நாட்டுக்கும் பொது. அழகிய கதை என்பதற்காக அதனை மெய்யென்று மாணவர்க்கு ஓதுதல் தகாது.

பார்வை இருந்த காலத்தில் அவர் செய்தவற்றுள் ஒன்றை மாத்திரம் இங்கே சொல்லிச் செல்வேன். 1832இல், வட்டத் தகடு ஒன்றின் விளிம்பை ஒட்டி, நடனமாடும் உருவம் ஒன்றின் பல நிலைகளை வரிசையாக வரைந்து, இடையிடையே ஒடுங்கிய பிளவுகளை அமைத்தார். கண்ணாடியின் முன் அதனைச் சுழற்றிப் பிளவுகளின் ஊடே நோக்கினால், வரைந்த உருவம் ஆடத் தொடங்கும். பெனாக்கிஸ்ரிஸ்கோப்பு என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று; கண்ணை ஏமாற்றுவது என்பது அப்பெயரின் கருத்து. வியன்னா நகரிலே ஸ்ராம்பர் என்பவரும் ஏறத்தாழ அதே வேளையில் தாமாகவே இதனைக் கண்டார். இன்று நாம் காணும் சலனப்படத்தின் முன்னோருள் இக்கருவியும் ஒன்று. இங்கிலாந்தில் மைக்கேல் பரடே 1831இல் சுழலும் சில்லுகளின் மயக்கத் தோற்றங்களைப் பற்றி எழுதியபோது, அவற்றுட் சிலவற்றைத் தாம் முன்னரே வெளியிட்டமையைப் பிளாற்றோ எடுத்துக் காட்டினார். பரடே அதனைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அன்று தொடங்கிய நட்பு கடிதங்களால் நெடுங்காலம் வளர்ந்தது.

1835இல் கெண்ட் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. 1840இல் பான்னி கிளவரோ என்னும் மங்கையை மணந்தார். அடுத்த ஆண்டிற் பெலிக்ஸ் என்னும் மகன் பிறந்தான். கண்ணோயும் அதே ஆண்டிலேதான் முற்றியது. இந்தக் காலத்திலேதான் எண்ணெய்த் துளி அவர் வாழ்க்கையிற் புகுந்தது.

எண்ணெய் நீரிலே மிதக்கும், அற்ககோலிலே ஆழும். எனவே, இரண்டையும் தக்க அளவிற் கலந்தால், எண்ணெய்க்கு நிகரான அடர்த்தியுடைய கலவை ஒன்று கிடைக்கும். அதனுள் விடப்பட்ட ஒலிவ எண்ணெய் மேலே எழவும் மாட்டாது, கீழே தாழவும் மாட்டாது, அந்தரத்திலே நிற்கும். உதவியாளர் ஒருவர் தற்செயலாய் எண்ணெயைக் கலவையிற் சிந்தியதால் இது புலனாயிற்று என்று சொல்வதுண்டு. எவ்வாறாயினும், அச்சிறு காட்சியில் இருந்த பெரும்பொருளை உணர்ந்தவர் பிளாற்றோவே. புவியீர்ப்பு என்னும் பேராட்சி அங்கே செயலற்று நிற்கின்றது. பாத்திரத்தின் அடியிற் பரந்து கிடப்பதும் சுவரோடு ஒட்டுவதும் ஆகிய திரவத்தின் வழக்கமான இயல்புகள் யாவும் நீங்க, அதன் சொந்த இயல்பு ஒன்றே வெளிப்படுகின்றது. எண்ணெய் முழுமையான கோளமாகத் திரள்கின்றது. கடுகளவு துளி மாத்திரமன்று, கைக்கு அடங்காத அளவினதும் அவ்வாறே ஆகின்றது.

எம் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் மாணவர்க்காக நல்லெண்ணெய் கொண்டு இதனைச் செய்து காட்டியபோது யானும் போய்ப் பார்த்தேன். கலவையை ஒக்கச் சரிப்படுத்த நண்பர் அரைமணி நேரம் பாடுபட்டார். ஒரு சொட்டு நீர் மிகுந்தால் எண்ணெய் எழுகின்றது, ஒரு சொட்டு அற்ககோல் மிகுந்தால் அமிழ்கின்றது. ஈற்றில் பொன்னிறமான உருண்டை ஒன்று நடுவே அசையாது நின்றபோது வகுப்பறை அடங்கிப்போயிற்று. நூலிற் படித்தபோது எளிதாய்த் தோன்றிய இதனை ஒளியிழந்த ஒருவர் நாள்தோறும் செய்வித்தார் என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

கோளம் ஏன்? திரவத்தின் எல்லைப் பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போல எப்பொழுதும் சுருங்க முயல்கின்றது. இதனை மேற்பரப்பிழுவிசை என்பர். ஒரே கனவளவுடைய உருவங்கள் யாவற்றுள்ளும் மிகச் சிறிய பரப்புடையது கோளமே. ஆதலால், தடுப்பார் இல்லாத துளி கோளமாகின்றது.

பிளாற்றோ அந்த எண்ணெய்க் கோளத்தின் நடுவே மெல்லிய அச்சுக் கம்பி ஒன்றைச் செலுத்தி, அதனோடு பொருத்திய சிறு தட்டினாற் சுழற்றினார். கோளம் துருவங்களில் தட்டையாயிற்று. வேகம் மிக, நடு குழிந்து, ஈற்றில் அச்சை விட்டு நீங்கிச் சனிக்கிரகத்தின் வளையம் போன்றதோர் எண்ணெய் வளையமாயிற்று. அவ்வளையம் உடைந்தபோது பல சிறு கோளங்கள் உண்டாகி, தத்தம் அச்சிற் சுழன்றவாறே சிறிது தூரம் சுற்றியோடின. சூரிய குடும்பம் ஆதியிலே சுழலும் வாயுத்திரளினின்று பிறந்தது என்னும் லாப்பிளாசின் கொள்கை கற்றோரிடையே பெரிதும் பேசப்பட்ட காலம் அது. பாத்திரத்துக்குள் அண்டத்தைப் படைத்துக் காட்டினார் என்று பலரும் வியந்தனர். யான் அவ்வளவு வியக்கமாட்டேன். வானத்திலே பொருளைத் திரட்டுவது தூரத்திலும் செயற்படும் ஈர்ப்பு. எண்ணெயிலே திரட்டுவது பரப்பின் இழுவிசை. உருவம் ஒத்தால் காரணமும் ஒக்கும் என்று துணிதல் தருக்க நூலார்க்கு உடன்பாடன்று. இவ்வாராய்ச்சி 1843இல் அச்சாயிற்று. தம் கண்ணாற் கண்டு அவர் எழுதிய துளிகள் இவ்வளவே.

அதன்பின் இருள். பல்கலைக்கழகம் அவரைக் கைவிடவில்லை. 1844இல் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவியே வழங்கப்பட்டது. விரிவுரை மண்டபத்துக்குச் செல்வது நின்றது, ஆராய்ச்சி நிற்கவில்லை. மனைவியும், பின்னர் மகனும், நண்பரும், மாணவரும் அவருக்குக் கண்ணாயினர். பரிசோதனை முழுவதையும் முதலில் அவர் மனத்திலே நடத்திப் பார்ப்பார். கம்பியின் தடிப்பு, வளையத்தின் விட்டம், எண்ணெய் ஊற்ற வேண்டிய இடம், நோக்க வேண்டிய கணம் என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் செய்விப்பார். கண்டவர் சொல்வதைக் கேட்டு, அடுத்து யாது செய்வது என்று முடிவு செய்வார். காண்பவனுக்குப் பழக்கத்தினாற் பல விடயம் கண்ணிற் படாமலே போகும். காணாதவனோ ஒவ்வொன்றையும் கேட்டே அறிய வேண்டியிருத்தலின், எதனையும் தானே விளங்கும் என்று விட்டுவிட அவனால் இயலாது. பிளாற்றோவின் கட்டுரைகளை வாசிப்போர் காணும் அந்த அளவிறந்த நுணுக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

அவர் பெயர் நிலைபெறக் காரணமாய துளிப்பிளவு ஆராய்ச்சி இந்த இருட்காலத்தது, 1849இல் வெளிவந்தது. இரண்டு கம்பி வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலவையினுள் நிறுத்தி, அவற்றுக்கிடையே எண்ணெயைப் பிடிக்கச் செய்தார். எண்ணெய் உருளை வடிவாய் நின்றது. வளையங்களைச் சிறிது சிறிதாக விலக்கினால் உருளை நீள்கின்றது. ஓரளவு வரைக்கும் அது உறுதியாய் நிற்கும். நீளம் விட்டத்தின் மூன்று மடங்கை அணுகிச் சிறிது கடந்ததும் உருளை தானாகவே நிலைகுலையும். ஒரு பாதி பருக்கும், மறு பாதி ஒடுங்கும். ஒடுங்கிய இடம் மேலும் ஒடுங்கி அறும். அவருடைய அளவைகள் அவ்வெல்லையை 3.13க்கும் 3.18க்கும் இடையில் வைத்தன. கணிதம் கூறும் எல்லை 3.1416. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமே அது. அதாவது, உருளையின் நீளம் அதன் சுற்றளவை மிஞ்சினால் உருளை நிலைக்காது என்பதே விதி. பிறர் கண்களாற் பார்த்து, கணித எல்லைக்கு இத்துணை அண்மையில் ஒருவர் சென்றார் என்றால் அதனை என்னென்பது!

இங்கே எண்ணெய் அவருக்குச் செய்த உதவி ஒன்று உண்டு. குழாயிலிருந்து விழும் நீர்த்தாரையும் இவ்விதிப்படியே துளிகளாய் உடைகின்றது. ஆயின், அது இமைப்பொழுதில் நிகழ்வது, கண்ணுள்ளவர்க்கும் பிடிபடாது. சவார் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1833இல் நீர்த்தாரைகளை வருந்தி ஆராய்ந்து சில விதிகளைக் கண்டிருந்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. கலவையினுள் நிற்கும் எண்ணெயோ மெல்ல மெல்ல உடைகின்றது. பக்கத்தில் நிற்பவர் ஒவ்வொரு நிலையையும் வாயாற் சொல்லி முடிக்கப் போதிய நேரம் கிடைக்கின்றது. கேட்டறிந்த உடைவைக்கொண்டு பிளாற்றோ சவாரின் நீர்த்தாரைக்கும் விளக்கம் கூறினார்.

உடைவின் கடைசிக் கணத்திலே நிகழும் ஒன்றை அவர் சிறப்பாகக் குறித்தார். பருத்த இரு பகுதிகளுக்கும் நடுவே ஒடுங்கிய கழுத்து நூலிழைபோல நீள்கின்றது. அவ்விழை ஒரே இடத்தில் அறுவதன்று. இரு முனைகளிலும் அறுந்து, இடையே எஞ்சிய துண்டு தானும் ஒரு சிறு துளியாய்த் திரள்கின்றது. பெருந்துளி இரண்டுக்கு நடுவே சிறுதுளி ஒன்று என்னும் இவ்வொழுங்கு கூர்ந்து நோக்கினாற் பல இடங்களிலும் காணப்படும். பிளாற்றோவின் சிறுகோளம் என்று அதற்குப் பிற்காலத்தார் பெயரிட்டனர். அறுந்தபோது இடையில் யாதேனும் எஞ்சியதோ என்று கேட்டவரின் பெயர் அதற்கு அமைந்தது பொருத்தமே.

இனி, சற்றுச் சிந்திக்கவேண்டிய இடம் ஒன்று. துளியைக் கோளமாகத் திரட்டுவதும் நீண்ட உருளையைத் துண்டாக்குவதும் ஒரே விசை. சேர்ப்பதும் அதுவே, பிரிப்பதும் அதுவே. முரண்போலத் தோன்றும் இதற்கு விடை பரப்பின் கணக்கிலே இருக்கின்றது. நீண்ட உருளை சில கோளங்களாய்ப் பிரிந்தால் மொத்தப் பரப்பு குறைகின்றது, எனவே பிரிகின்றது. சமமான இரு கோளங்கள் ஒன்றானால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றது. எனவே அவை கூட விழைகின்றன. உருளையில் ஒடுங்கிய இடத்திலே உள்ளமுக்கம் மிகுதி, பருத்த இடத்திலே குறைவு. ஆதலால், ஒடுங்கிய இடத்து எண்ணெய் பருத்த இடத்துக்கு ஓடுகின்றது. மெலிந்தது மேலும் மெலிகின்றது. இல்லாதவனிடமிருந்து உள்ளவனுக்குச் செல்வம் ஓடும் இவ்வுலகியல் திரவத்துக்கும் உண்டு போலும்.

கூடுதற்கு விழைந்தாலும் துளிகள் உடனே கூடுவதில்லை. எண்ணெய்த் துளிகள் இரண்டு கலவையினுள் ஒன்றையொன்று தொட்டாற்போல நெடுநேரம் நிற்கும். அவற்றுக்கு நடுவே புறத்திரவம் மெல்லிய படலமாய் அகப்பட்டிருக்கும். அப்படலம் வடிந்து வடிந்து, மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலும் மெலிந்தபின்னரே கிழியும். கிழிந்த கணத்தில் இரு துளியும் ஒரு துளியாகும். இரண்டு உயிர் அடுத்துவரின் இடையே யகரமோ வகரமோ தோன்றி அவற்றை உடம்படுத்தும் என்று நாம் இலக்கண வகுப்பிற் படிப்பிக்கின்றோம். துளிகளின் புணர்ச்சி அதற்கு மறுதலை. இடைநிற்பது கெட்டாலன்றி அவை உடம்படா.

இவ்விடைப்படலத்தின் இயல்பைத் தனியே ஆராயும்பொருட்டே பிளாற்றோ சவர்க்காரப் படலங்களை நாடினார் என்று சொல்ல முடியாது. பாரமற்ற திரவ உருவங்களை ஆராயும் வேறொரு வழியாகவே அவற்றை எடுத்துக்கொண்டார். ஆயினும், அவ்வழி அவரை இக்கேள்விக்குக் கொண்டுவந்து விட்டது. சவர்க்கார நீரோடு கிளிசரீன் கலந்து, பல மணி நேரம் உடையாது நிற்கும் படலங்களை ஆக்கினார். கம்பியாற் செய்த கனசதுரச் சட்டம் ஒன்றை அந்நீரில் அமிழ்த்தி எடுத்தால், ஒவ்வொரு கம்பியிலிருந்தும் ஒவ்வொரு படலம் உள்நோக்கிச் சென்று, நடுவே சிறு சதுரப் படலம் ஒன்றிலே கூடுகின்றது. ஆகப் பதின்மூன்று படலங்கள். எந்தச் சட்டத்தை அமிழ்த்தினும், ஒரு விளிம்பிலே மூன்று படலங்களே கூடும். அவற்றுக்கிடைக் கோணம் 120 பாகை. ஒரு புள்ளியிலே நான்கு விளிம்புகளே கூடும். அவற்றின் இடைக்கோணம் ஏறத்தாழ 109½ பாகை. நுரையின் ஒழுங்கு முழுவதும் இவ்விரு விதியுள் அடங்கும். ஜீன் ரெயிலர் என்னும் அமெரிக்கக் கணித அறிஞை 1976இல் இவ்விதிகளுக்குக் கணித நிறுவல் அளித்தார். வளைந்த கம்பி ஒன்றை எல்லையாகக் கொண்ட மிகச் சிறிய பரப்பு எக்காலும் உண்டோ என்னும் வினா பிளாற்றோவின் பிரச்சினை என்றே கணித உலகில் வழங்குகின்றது. திபோர் ராடோவும் ஜெசி டக்ளஸும் 1930ஆம் ஆண்டளவில் தனித்தனியே அதற்கு விடை கண்டனர். அதன்பொருட்டு டக்ளஸுக்கு 1936இற் பீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

படலம் ஏன் உடனே உடையாமல் நிற்கின்றது என்பதிலே பிளாற்றோவுக்கும் இத்தாலியரான மரங்கோனிக்கும் வாதம் மூண்டது. திரவத்தின் மேற்பரப்புக்கு அதன் உள்ளகத்துக்கு இல்லாத தனியான பிசுக்குமை உண்டு என்பது பிளாற்றோவின் கட்சி. காந்த ஊசியைத் திரவத்தின் மேற்பரப்பில் அசையவிட்டு, உள்ளே அசைவதினும் தாமதித்து நிலைக்கு மீள்வதைச் சான்றாகக் காட்டினார். மேற்பரப்பிலே படிந்த அந்நியப் பொருளால் இடத்துக்கிடம் இழுவிசை வேறுபடுவதே அத்தாமதத்துக்குக் காரணம் என்பது மரங்கோனியின் மறுப்பு. இன்றைய அறிவுகொண்டு நோக்கின், தூய நீரைப் பொறுத்தவரையில் மரங்கோனியின் பக்கமே வலியது. சவர்க்காரம் போன்ற பொருள்கள் படிந்த பரப்புக்குத் தனிப் பிசுக்குமை இருப்பதும் மெய்யே. துளிகள் கூடாது தடைப்படுவதும் பெரும்பாலும் இப்படிந்த பொருளாலேயே. பாலிலே கொழுப்புத் துளிகள் ஒன்றுசேராமல் நெடுநேரம் பிரிந்து நிற்பதற்கு அவற்றைப் போர்த்திருக்கும் மென்படையே காரணம். வாதத்தில் இருவரும் பொருளை விட்டு ஆளைத் தாக்கும் நிலைக்கு இறங்காமற் பார்த்துக்கொண்டனர். நம் புலவர் சிலர் நடத்திய கண்டனப் பிரசுரப் போர்களை நினைந்து இதனை இங்கே குறிக்கின்றேன்.

பதினொரு தொடர்களாக வெளியிட்ட ஆராய்ச்சிகளை எல்லாம் திரட்டி, 1873இல் இரு பாகங்கொண்ட பெருநூலாக்கினார். மூலக்கூற்று விசைகளுக்கு மாத்திரம் உட்பட்ட திரவங்களின் நிலையியல் பற்றியது அது. ஸ்கொற்லாந்து நாட்டின் பெரும் பௌதிகவியலாராகிய மக்ஸ்வெல் 1874இல் அதற்கு மதிப்புரை எழுதினார். குமிழி ஊதி மகிழும் பண்டைக்காலச் சிறுவனையும், தான் காணாத குமிழியைப் பிறர்க்கு ஊதக் கற்பித்து, அதன் உருவையும் நிறத்தையும் வினாவிடையால் உணரும் அறிஞரையும் அருகருகே நிறுத்தி, இவ்விருவருள் எவரது செயல் கவிதைக்கு அணித்து என்று அவர் வாசகரை எண்ணச் செய்தார். பௌதிக நூல் ஒன்றின் மதிப்புரையிற் கவிதை பற்றிய இவ்வினா எழுந்தது அருமை.

துளிகளின் ஆராய்ச்சி அவரோடு நிற்கவில்லை. றேலி பிரபு 1878இல் நீர்த்தாரையின் உடைவைக் கணிதத்தால் விளக்கி, எல்லா நெளிவுகளுள்ளும் விரைந்து வளர்வது, நீளத்தில் விட்டத்தின் ஏறத்தாழ நாலரை மடங்கான நெளிவே என்று காட்டினார். இதனாலேயே ஒரு தாரை ஏறக்குறைய ஒத்த அளவுடைய துளிகளாய் உடைகின்றது. ஜெப்ரி ரெயிலர் 1930களின் தொடக்கத்தில், ஓடும் திரவம் ஒன்றினுள் அகப்பட்ட வேறொரு திரவத்தின் துளி எவ்வாறு இழுபட்டு உடையும் என்பதைப் பரிசோதித்தார். அவருடைய பரிசோதனைகளைத் தொடர்ந்து 1935இல் யப்பானியரான தொமோத்திக்கா, ஒரு திரவத்தினுள் நிற்கும் மற்றொரு திரவ இழையின் உடைவை இரண்டின் பிசுக்குமையையும் சேர்த்துக் கணித்தார். மையைத் துளிகளாய்ச் சிதறி அச்சிடும் இக்காலப் பொறிகளை ஆக்குவோரும், எண்ணெயையும் நீரையும் கலந்து மருந்தும் உணவும் செய்வோரும் கெண்ட் நகரத்துப் பாத்திரத்திற் கண்ட விதியையே இன்றும் கணக்கில் எடுக்கின்றனர்.

முதுமையிலும் அவர் ஓயவில்லை. கண்ணிலே பொருளின்றித் தோன்றும் தோற்றங்களைப் பற்றிப் பண்டைக்காலந் தொட்டு யார் யார் எழுதினர் என்பதை ஆராய்ந்து, விரிவான நூற்பட்டியல் ஒன்றை 1877 முதல் வெளியிட்டு வந்தார். இளமையில் எந்தப் புலனை அளந்தாரோ, அப்புலனைப் பற்றிய நூல்களை எல்லாம் பிறர் வாசிக்கக் கேட்டுத் தொகுத்தார். அரிய தொண்டு இது. எனினும், துளியாராய்ச்சியின் புகழ் இதனை மறைத்துவிட்டது. 1870இல் இலண்டன் றோயல் சொசைற்றி அவரை வெளிநாட்டு அங்கத்தவராய் ஏற்றிருந்தது. மகன் பெலிக்ஸ் விலங்கியற் பேராசிரியரானார். பூக்களை நாடிப் பூச்சிகள் வருவதற்கு நிறம் எவ்வளவு காரணம், மணம் எவ்வளவு காரணம் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர் அவர்.

யோசப் பிளாற்றோ 1883ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆந் திகதி கெண்ட் நகரிற் காலமானார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை முதலில் விரிவாக எழுதியவர், அவர் மகளை மணந்த பௌதிகவியலாராகிய வன் டர் மென்ஸ்புறுக் என்பவர். பாத்திரத்தின் முன் நின்று, துளி எங்கே ஒடுங்குகின்றது என்று அவருக்குச் சொல்லிவந்தவர்களுள் அவரும் ஒருவர்.